காலம் யாருக்குச் சொந்தம்? ஐன்ஸ்டீனும் பெர்க்சனும் எதிரெதிரே அமர்ந்த 1922

1981ஆம் ஆண்டு டிசம்பர் 31. அன்றிரவு மணி 11.30 ஆனபோது, மலேசியத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் கடிகார முட்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. 1982 புத்தாண்டு அரை மணி நேரம் முன்கூட்டியே பிறந்துவிட்டது. சபா, சரவாக் மாநிலங்களின் நேரமும் தீபகற்பத்தின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக மலேசியா எடுத்த முடிவு அது. சிங்கப்பூரும் அதையே பின்பற்றியது.

அந்த அரை மணி நேரம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. அதனால் யாருடைய வயதும் கூடவில்லை. அடுப்பிலிருந்த சோறு அரை மணி நேரம் முன்னதாக வெந்துவிடவும் இல்லை. மாறியது கடிகாரம்தான், காலம் அல்ல. சிறு பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும்.

ஆனால், கடிகாரத்தை யாரும் தொடாமலேயே காலம் மாறும் என்று ஒருவர் சொன்னால்? நின்றுகொண்டிருப்பவருக்கு ஓடும் காலம் வேறு, விரைந்து செல்பவருக்கு ஓடும் காலம் வேறு, இரண்டுமே உண்மையான காலம்தான் என்று ஒருவர் சொன்னால்? 1905ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் அதைத்தான் சொன்னார். பதினேழு ஆண்டுகள் கழித்து, பாரிஸ் நகரில், அந்தக் காலத்தின் தலைசிறந்த தத்துவ அறிஞர் ஒருவர் அவருக்கு எதிரே எழுந்து நின்று, "காலம் என்பது அவ்வளவுதானா?" என்னும் பொருள்பட வினா எழுப்பினார். அந்த வினாவின் ஒரு பாதிக்குக் கடிகாரங்கள் விடை சொல்லிவிட்டன. மறுபாதிக்கு இன்றுவரை விடை இல்லை.

ஊருக்கு ஒரு நேரம்

முன்பெல்லாம் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நேரம் இருந்தது. சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊரில் நண்பகல் 12 மணி. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ 14 நிமிடங்கள் கழித்துத்தான் பினாங்கில் உச்சிக்கு வரும். மாட்டு வண்டியிலும் பாய்மரக் கப்பலிலும் பயணம் செய்த காலத்தில் இந்த வேறுபாடு யாருக்கும் தொல்லை தரவில்லை. ரயிலும் தந்தியும் வந்த பிறகு நிலைமை மாறியது. ஊருக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு ரயில் ஓட்ட முடியாது.

1884இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலக மாநாடு, இங்கிலாந்தின் கிரீனிச் வழியாகச் செல்லும் தீர்க்கக்கோட்டை உலகத்துக்குப் பொதுவான தொடக்கக் கோடாக ஏற்றது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1905ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, கிரீனிச்சுக்கு 7 மணி நேரம் முந்திய பொது நேரத்தை ஏற்றுக்கொண்டன. 1933இல் அது 7 மணி 20 நிமிடமாயிற்று. 1941இல் 7 மணி 30 நிமிடமாயிற்று. 1942இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம் திணிக்கப்பட்டது. 1945இல் அவர்கள் போனதும் பழைய நேரம் திரும்பியது. கடைசியாக 1982இல் 8 மணி நேரம்.

ஆட்சியாளர்கள் இத்தனை முறை கடிகாரத்தைத் திருப்பியபோதும், மக்கள் மனத்தில் ஓர் அசையாத நம்பிக்கை இருந்தது. கடிகாரங்கள் எப்படிக் காட்டினாலும், அவற்றுக்குப் பின்னால் உண்மையான காலம் ஒன்று இருக்கிறது. அது எல்லாருக்கும் பொதுவாக, ஒரே சீராக ஓடுகிறது என்பதே அந்த நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்கு அறிவியல் வடிவம் கொடுத்தவர் ஐசக் நியூட்டன். 1687இல் வெளிவந்த 'பிரின்சிபியா' என்னும் நூலில், வெளியில் உள்ள எந்தப் பொருளையும் சாராமல், தன்னியல்பில் சீராக ஓடுவது காலம் என்று அவர் வரையறுத்தார். உலகில் ஒரு பொருள்கூட இல்லாமற்போனாலும் காலம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அதன் உட்பொருள். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் இதை ஏற்கவில்லை. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசைக்குத்தான் காலம் என்று பெயர். நிகழ்ச்சியே இல்லையென்றால் காலமும் இல்லை என்றார் அவர். 1715, 1716ஆம் ஆண்டுகளில் நியூட்டனின் ஆதரவாளரான கிளார்க்குக்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதப் போர் புகழ்பெற்றது. ஆனால், நியூட்டனின் கணக்கு கோள்களின் ஓட்டத்தையும் கடல் அலைகளின் ஏற்றவற்றத்தையும் விளக்கிக் காட்டியது. வெற்றி பெற்ற கணக்கோடு அவருடைய காலமும் வெற்றி பெற்றது. இருநூறு ஆண்டுகள் அதை அசைக்க ஆள் இல்லை.

ரயிலும் இரண்டு மின்னல்களும்

நீரிணைக் குடியேற்றங்கள் பொது நேரத்தை ஏற்ற அதே 1905 ஜூன் மாதம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலை அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார் 26 வயது ஐன்ஸ்டீன். ஒளியின் வேகம் பற்றிய ஒரு சிக்கல் பல ஆண்டுகளாக அவரை வாட்டி வந்தது. ஒளியை நோக்கி விரைந்தாலும், ஒளியைவிட்டு விலகி ஓடினாலும், அளந்து பார்த்தால் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டராகவே இருக்க வேண்டியிருந்தது. இது எப்படி முடியும்?

ஒரு நாள், உடன் பணியாற்றிய நெருங்கிய நண்பர் மிக்கேல் பெசோவிடம் அவர் இதைப் பற்றி நெடுநேரம் விவாதித்தார். அந்தப் பேச்சுக்குப் பிறகு திடீரென்று வழி புலப்பட்டது. கோளாறு ஒளியில் இல்லை, காலத்தைப் பற்றிய நம் எண்ணத்தில்தான் இருக்கிறது என்பதே அவர் கண்ட வழி. அடுத்த ஐந்தாறு வாரங்களில் கட்டுரை முடிந்தது. அது ஜூன் 30ஆம் தேதி ஆய்விதழின் அலுவலகத்தைச் சென்றடைந்தது. அந்தக் கட்டுரையில் எந்த நூலும் மேற்கோளாகக் காட்டப்படவில்லை. நன்றி சொல்லப்பட்ட ஒரே ஆள் பெசோதான்.

ஐன்ஸ்டீன் பிற்காலத்தில் பொதுமக்களுக்காகச் சொன்ன உதாரணம் எளிமையானது. ஒரு ரயில் மிக வேகமாக ஒரு நிலையத்தைக் கடந்து செல்கிறது. அதன் முன் முனையிலும் பின் முனையிலும் இரண்டு மின்னல்கள் விழுகின்றன. அந்த இரண்டு இடங்களுக்கும் சரியாக நடுவே நடைமேடையில் ஒருவர் நிற்கிறார். இரண்டு ஒளிகளும் ஒரே கணத்தில் அவரை வந்தடைகின்றன. இரண்டு மின்னல்களும் ஒரே நேரத்தில் விழுந்தன என்கிறார் அவர். அதில் தவறில்லை.

ரயிலின் நடுவே ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். ரயில் முன்னோக்கிப் போவதால், முன்னாலிருந்து வரும் ஒளியை அவர் எதிர்கொண்டு செல்கிறார். பின்னாலிருந்து வரும் ஒளி அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். எனவே, முன் மின்னலின் ஒளியே அவருக்கு முதலில் தெரிகிறது. ரயிலின் இரு முனைகளும் அவருக்குச் சம தூரம். ஒளியின் வேகமும் இரு பக்கமும் சமம். அப்படியானால் முன்னால் விழுந்த மின்னல்தான் முந்தியது என்று அவர் சொல்வார். அதிலும் தவறில்லை.

இருவரில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரி என்பதே ஐன்ஸ்டீன் தந்த விடை. 'ஒரே நேரத்தில்' என்ற சொல்லுக்கு, பார்ப்பவர் யார், அவர் எப்படி நகர்கிறார் என்று சொல்லாதவரை பொருள் கிடையாது. உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் 'இப்போது' இல்லை. நியூட்டனின் பொதுக் காலம் அன்றோடு முடிவுக்கு வந்தது.

ஐன்ஸ்டீனுக்கு முன்பு கணிதம் கற்பித்த மின்கோவ்ஸ்கி 1908இல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றோடு காலத்தையும் நான்காவது அளவாகச் சேர்த்தார். இந்தப் படத்தில், நடந்ததும் நடக்கப்போவதும் ஒரு ரயில் பாதையின் நிலையங்களைப் போல வரிசையாக இருக்கின்றன. ரயில் கோலாலம்பூருக்கு வந்துவிட்டதால் ஈப்போ இல்லாமற்போய்விடுவதில்லை. ஜொகூர் பாரு இன்னும் வராததால் அது பிறக்காமலும் இல்லை. அப்படியென்றால், நேற்று அழிந்துபோனது, நாளை இன்னும் உண்டாகவில்லை என்று மனிதன் நினைப்பது வெறும் மயக்கமா? பாரிசில் எழுந்த சர்ச்சைக்கு வேர் இந்தக் கேள்விதான்.

பாரிஸ் சந்திப்பு

ஹென்றி பெர்க்சன் 1859இல் பாரிசில் பிறந்தவர். பிரான்சின் மிக உயர்ந்த கல்வி அமைப்புகளில் இடம்பெற்றவர். அவருடைய சொற்பொழிவு என்றால் மண்டபம் நிரம்பி வழியும். அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பொருள் காலம்.

கடிகாரம் காட்டுவது காலத்தின் நிழலைத்தான் என்பது அவர் கருத்து. முள் இப்போது ஓரிடத்தில் நிற்கிறது. பிறகு வேறோர் இடத்தில் நிற்கிறது. முந்திய நிலையை நினைவில் வைத்து, பிந்திய நிலையோடு சேர்த்துப் பார்க்க ஒரு மனம் இல்லாவிட்டால், அங்கே இருப்பது வெறும் முள்தான். 1907இல் வெளிவந்த நூலில் அவர் காட்டிய உதாரணம் எல்லாருக்கும் விளங்கக்கூடியது. ஒரு குவளை நீரில் சர்க்கரைக் கட்டியைப் போட்டால், அது கரையும்வரை காத்திருக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்று கணக்குச் சொல்லிவிடும். ஆனால், காத்திருப்பவர் உணரும் அந்தப் பொறுமையின்மை எந்தக் கணக்கிலும் வராது. அவருக்கு அதுதான் உண்மையான காலம்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. நேரம் என்பது ஒரு சொல், பொழுது என்பது வேறொரு சொல். கடிகாரத்தில் நேரம் போய்க்கொண்டே இருக்கும்போதும், "பொழுதே போகவில்லை" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் எவ்வளவு நீளமானது என்று தெரியும்.

1922ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, பிரெஞ்சுத் தத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் இருவரும் சந்தித்தனர். பெர்க்சனுக்கு வயது 62. ஐன்ஸ்டீனுக்கு 43. முதல் உலகப் போர் முடிந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஜெர்மனியிலிருந்து ஓர் அறிஞர் பாரிசுக்கு வருவதே அப்போது பெரிய செய்தி. தாம் கேட்பதற்காகவே வந்ததாகச் சொன்ன பெர்க்சன், வற்புறுத்தப்பட்ட பிறகு எழுந்து விரிவாகப் பேசினார். சார்பியல் கோட்பாட்டின் கணக்கை அவர் மறுக்கவில்லை. அதைப் பாராட்டவே செய்தார். ஆனால், கடிகாரங்களை ஒப்பிட்டுவிட்டால் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக ஆகாது என்றார். இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாக நடப்பதை மனிதன் முதலில் உணர்கிறான்; அந்த உணர்வு இல்லாமல் கடிகாரத்தைப் படிக்கவே முடியாது என்பது அவர் வாதம்.

ஐன்ஸ்டீனின் பதில் மிகவும் சுருக்கமானது. மனம் உணரும் காலம் ஒன்று உண்டு, இயற்பியலாளர் அளக்கும் காலம் ஒன்று உண்டு. இவை இரண்டுக்கும் அப்பால் தத்துவ அறிஞர்களுக்கென்று மூன்றாவது காலம் கிடையாது என்ற கருத்தில் அவர் பேச்சை முடித்துக்கொண்டார்.

ஒரு வாழ்நாள் உழைப்பைச் சில வாக்கியங்களில் தள்ளிவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். பெர்க்சன் அந்த ஆண்டே தம் தரப்பை ஒரு தனி நூலாக வெளியிட்டார். அதில்தான் அவர் சறுக்கினார்.

பால் லான்ஷ்வான் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1911இல் ஒரு கற்பனையை முன்வைத்திருந்தார். ஒளியின் வேகத்துக்கு மிக நெருங்கிய வேகத்தில் ஒருவர் விண்வெளிக்குச் சென்று திரும்பினால், அவருக்கு இரண்டு ஆண்டுகள் கழிந்திருக்கும். பூமியிலோ 200 ஆண்டுகள் ஓடியிருக்கும் என்றார் அவர். கணக்கு அப்படிச் சொன்னாலும், திரும்பி வந்தவர் உண்மையில் இளமையாக இருக்க மாட்டார் என்று பெர்க்சன் வாதிட்டார். வாழப்படும் காலம் எல்லாருக்கும் ஒன்றே என்பது அவர் உறுதி. இது தத்துவக் கருத்து மட்டுமல்ல. சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று.

சிங்கப்பூருக்கு வந்த கப்பல்

அதே ஆண்டு அக்டோபரில் ஐன்ஸ்டீன் தம் மனைவி எல்சாவோடு ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். கொழும்பைக் கடந்து, நவம்பர் 2ஆம் தேதி கப்பல் சிங்கப்பூரை வந்தடைந்தது. உள்ளூர் யூத சமூகத்தினர் அவரை வரவேற்றனர். ஜெருசலத்தில் உருவாகவிருந்த எபிரேயப் பல்கலைக்கழகத்துக்குச் செல்வந்தர் மனாசே மேயரிடம் நன்கொடை கேட்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. 1923 ஜனவரியில், திரும்பும் வழியிலும் அவர் சிங்கப்பூரில் இறங்கினார்.

அந்நாளில் சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் ஒரு கம்பம் இருந்தது. ஒவ்வொரு நாளும் பிற்பகல் ஒரு மணிக்கு அதன் உச்சியிலிருந்து ஒரு பெரிய பந்து கீழே இறங்கும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்ளும். எல்லாக் கப்பலுக்கும் ஒரே நேரம் என்பதே அந்தப் பந்தின் செய்தி. அப்படி ஒரு பொதுவான கணம் இயற்கையில் இல்லை என்று காட்டிய மனிதர் அந்தத் துறைமுகத்துக்கே வந்து இறங்கியிருந்தார்.

சிங்கப்பூரைவிட்டுப் புறப்பட்ட அடுத்த வாரம், நவம்பர் 9ஆம் தேதி, சுவீடனில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. நிறுத்திவைக்கப்பட்டிருந்த 1921ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஐன்ஸ்டீனுக்கு வழங்கப்பட்டது. ஆனால், சார்பியல் கோட்பாட்டுக்காக அல்ல. ஒளிமின் விளைவு பற்றிய விதிக்காக. டிசம்பர் 10ஆம் தேதி நடந்த விழாவில் நோபல் குழுவின் சார்பில் பேசிய அரேனியஸ், சார்பியல் கோட்பாடு தத்துவ அறிஞர்களிடையே விவாதிக்கப்படுவதைச் சுட்டி, பெர்க்சன் அதை எதிர்த்ததையும் குறிப்பிட்டார். பெர்க்சன் ஒருவரே காரணம் என்று சொல்ல முடியாது. நோபல் குழுவுக்குள்ளேயே ஐயம் கொண்டவர்கள் இருந்தார்கள். ஆயினும், பாரிசில் எழுந்த குரல் ஸ்டாக்ஹோம் மேடைவரை கேட்டது என்பது மட்டும் உண்மை.

விழா நடந்தபோது ஐன்ஸ்டீன் ஜப்பானில் இருந்தார். டிசம்பர் 14ஆம் தேதி கியோத்தோவில் மாணவர்களிடம் பேசும்போதுதான், பெர்ன் நகரில் நண்பரோடு பேசிய அந்த நாளைப் பற்றியும், காலம் பற்றிய எண்ணம் மாறியதும் எல்லாம் தெளிந்ததைப் பற்றியும் அவர் விவரித்தார்.

கடிகாரங்கள் சொன்ன தீர்ப்பு

பெர்க்சன் 1941ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த பாரிசில் இறந்தார். யூதரான ஐன்ஸ்டீன் அதற்கு முன்பே, 1933இல், ஐரோப்பாவைவிட்டு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்திருந்தார். பெர்க்சனும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

பெர்க்சன் மறைந்த அதே 1941இல், அமெரிக்காவின் கொலராடோ மலைப் பகுதியில் ரோசி, ஹால் என்ற இருவர் செய்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. வானத்தில் உயரே உருவாகும் மியூவான் என்னும் நுண்துகள்கள் சராசரியாக ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு நேரம்தான் வாழ்கின்றன. ஒளியின் வேகத்தில் பறந்தாலும் அந்த நேரத்துக்குள் 700 மீட்டர்கூடத் தாண்ட முடியாது. ஆனால், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான்கள் தரைவரை வந்து சேர்கின்றன. காரணம், விரைந்து பறக்கும் அவற்றுக்குக் காலம் மெதுவாக ஓடுகிறது. ரோசியும் ஹாலும் அளந்து காட்டியது இதைத்தான்.

துகளை விடுங்கள், கடிகாரத்துக்கும் இது பொருந்துமா? 1971 அக்டோபரில் ஹாஃபல், கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நான்கு சீசியம் அணுக் கடிகாரங்களை எடுத்துக்கொண்டு, சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏறினார்கள். ஒரு முறை கிழக்கு நோக்கியும் ஒரு முறை மேற்கு நோக்கியும் உலகைச் சுற்றினார்கள். திரும்பி வந்து, வாஷிங்டனில் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டார்கள். கிழக்கே சென்றவை 59 நானோ விநாடி பின்தங்கியிருந்தன. மேற்கே சென்றவை 273 நானோ விநாடி முந்தியிருந்தன. ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. விமானத்தின் வேகம், பூமியின் சுழற்சி, உயரத்தில் குறையும் ஈர்ப்பு விசை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் சார்பியல் கோட்பாடு சொல்லும் விடையோடு இது ஒத்துப்போயிற்று.

1981 டிசம்பர் இரவை இங்கே மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று கடிகாரங்கள் அரை மணி நேரம் தாண்டின. யாருக்கும் காலம் மாறவில்லை. 1971இல் யாரும் கடிகாரத்தைத் திருப்பவில்லை. மாறுபாடு கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் சில பங்கு அளவே. ஆனால், அது உண்மையான மாறுபாடு. அந்த விமானத்தில் இருந்தவர்களின் இதயமும் நகமும் அவர்களுடைய வயதும் அந்தக் கடிகாரத்தின் கணக்கிலேயே நடந்தன. திரும்பி வந்த பயணியின் வயது பற்றி பெர்க்சன் சொன்னது தவறு என்பது உறுதியாயிற்று.

இன்று இது ஆய்வுக்கூடத்து வேடிக்கை அல்ல. வாகனங்களுக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் துணைக்கோளங்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் வேகத்தால் அங்குள்ள கடிகாரம் ஒரு நாளைக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்கும். ஈர்ப்பு குறைவால் 45 மைக்ரோ விநாடி முந்தும். மொத்தத்தில் நாளுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துகிறது. இதைச் சரிசெய்யாமல் விட்டால், ஒரே நாளில் இடம் காட்டுவதில் சுமார் 10 கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். தோ பாயோவில் உள்ள வீட்டைத் தேடினால் வண்டி வேறெங்கோ போய் நிற்கும். 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு கடிகாரங்களில் ஒன்றை வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்திவைத்து, உயரே இருந்தது வேகமாக ஓடுவதை அளந்து காட்டினார்கள். மாடியில் குடியிருப்பவரின் காலமும் தரைத்தளத்தில் குடியிருப்பவரின் காலமும் ஒன்றல்ல.

பால் ஏன் பிரிவதில்லை?

அப்படியானால் ஐன்ஸ்டீன் வென்றார், பெர்க்சன் தோற்றார் என்று கதையை முடித்துவிடலாமா? அதுதான் முடியவில்லை.

இயற்பியலின் அடிப்படை விதிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன், பின் என்ற வேறுபாடு தெரியாது. ஒரு கோள் சூரியனைச் சுற்றுவதைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டினாலும், அதுவும் விதிக்கு உட்பட்டதாகவே இருக்கும். ஆனால், தேநீரில் ஊற்றிய பால் கலந்துவிட்டால் மறுபடி பிரிந்து வருவதில்லை. உடைந்த கோப்பை தானாகச் சேர்வதில்லை. முதுமை இளமையாவதில்லை. விதியில் இல்லாத இந்தத் திசை வாழ்க்கையில் எங்கிருந்து வந்தது?

வியன்னாவில் வாழ்ந்த லூட்விக் போல்ட்ஸ்மன் 1870களில் இதற்கு விடை தேடினார். அணுக்கள் ஒழுங்காக அமைய மிகச் சில வழிகள்தான் உண்டு. கலைந்து கிடக்க எண்ணிலடங்கா வழிகள் உண்டு. ஆகவே, தாமாக நகரும் பொருள்கள் ஒழுங்கிலிருந்து கலைவை நோக்கியே செல்கின்றன. என்ட்ரொப்பி என்று அறிவியலாளர்கள் சொல்லும் இந்தக் கலைவு கூடிக்கொண்டே போவதால்தான் நேற்றும் நாளையும் வேறாகத் தெரிகின்றன. பிரிட்டிஷ் விஞ்ஞானி எடிங்டன் 1920களின் இறுதியில் இதற்குக் 'காலத்தின் அம்பு' என்று பெயர் சூட்டினார். போல்ட்ஸ்மன் தம் காலத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். மனச்சோர்வுக்கு ஆளான அவர் 1906இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் பெயரைத் தாங்கிய சூத்திரம் இன்று வியன்னாவில் அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால், இந்த விடையும் ஒரு கேள்வியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கலைவு கூடுகிறதென்றால், தொடக்கத்தில் பிரபஞ்சம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது ஏன்? இதற்கு எல்லாரும் ஏற்கும் விடை இன்றும் கிடையாது.

அடுத்தது 'இப்போது' என்பது. நேற்றும் இன்றும் நாளையும் வரிசையாக இருக்கின்றன என்றால், இன்று மட்டும் ஏன் இவ்வளவு உயிரோடு இருக்கிறது? ஐன்ஸ்டீன் தம் கடைசி ஆண்டுகளில் இதைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதைத் தத்துவ அறிஞர் ருடால்ஃப் கார்னப் பதிவு செய்திருக்கிறார். 'இப்போது' என்ற அனுபவம் மனிதனுக்கு மிக முக்கியமானது. ஆனால், இயற்பியலுக்குள் அது இடம்பெறவில்லை. இடம்பெறவும் முடியாது என்று ஐன்ஸ்டீன் வருத்தத்தோடு அவரிடம் சொன்னாராம். பாரிசில் பெர்க்சன் சுட்டிக்காட்டிய குறையிலிருந்து இது வெகுதொலைவில் இல்லை.

நண்பரின் மரணம்

1955 மார்ச் மாதம் மிக்கேல் பெசோ காலமானார். அரை நூற்றாண்டுக்கு முன் பெர்ன் நகரில் ஐன்ஸ்டீனின் சிக்கலைக் காதுகொடுத்துக் கேட்ட அதே நண்பர். மார்ச் 21ஆம் தேதி, பெசோவின் குடும்பத்தாருக்கு ஐன்ஸ்டீன் ஆறுதல் கடிதம் எழுதினார். தம்மைவிடச் சற்று முன்னதாக நண்பர் புறப்பட்டுவிட்டார் என்றும், இயற்பியலை நம்புகிறவர்களுக்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவு விடாப்பிடியான ஒரு மயக்கம்தான் என்றும் அதில் கருத்துத் தெரிவித்தார். அப்போது அவருக்கும் உடல்நலம் சரியில்லை. ஏப்ரல் 18ஆம் தேதி, கடிதம் எழுதி ஒரு மாதம் ஆவதற்குள், அவரும் மறைந்தார்.

நண்பர் வாழ்ந்த காலம் அழிந்துவிடவில்லை. ரயில் பாதையின் பின்னால் உள்ள நிலையங்களைப் போல அது இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு மூத்த விஞ்ஞானி, இறந்தவரின் வீட்டாருக்குச் சொல்லக்கூடிய ஆறுதல் அது. எனினும், அந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருந்ததே நண்பர் இனி இல்லை என்பதால்தான். கடிகாரம் அளக்கும் காலத்தைப் பற்றி உலகிலேயே அதிகம் அறிந்தவர், பெர்க்சன் சொன்ன வாழப்படும் காலத்தின் இழப்பைத் தாமும் அனுபவித்தார்.

ஃபோர்ட் கேனிங் குன்றில் இன்று அந்தப் பழைய பந்தின் மாதிரி ஒன்று பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதனருகே நடந்து செல்பவர்களின் கைத்தொலைபேசி, விண்ணில் சுற்றும் கடிகாரங்களின் உதவியால் அவர்கள் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. காலத்தை அளப்பதில் மனிதன் அவ்வளவு தூரம் வந்துவிட்டான். வீட்டில் ஒருவர் திரும்பி வருவதற்காகக் காத்திருக்கும் பொழுது ஏன் அப்படி நீள்கிறது, போனவர் ஏன் திரும்புவதில்லை என்பவற்றில் அவன் இன்னும் 1922ஆம் ஆண்டின் அந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறான். அங்கே இருவர் பேசினார்கள். இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டுத்தான் காலத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.